கேபிள் செட்டாப் பாக்ஸுடன் ரெக்கார்டரை இணைத்தால் எல்லாச் சேனலும் புள்ளி புள்ளியாக வருகிறது

மாலைநேரம்

வணக்கம். எங்கள் வீட்டுக்கு ஹார்டு டிஸ்க் உள்ள டிவிடி ரெக்கார்டர் ஒன்று வந்திருக்கிறது. உறவினர் ஒருவர் பயன்படுத்தியது. 160 ஜிபி டிஸ்க், நன்றாகவே ஓடுகிறது. அம்மா தினமும் மாலையில் ஒரு தொடர் பார்ப்பார். இப்போது அதே நேரத்தில்தான் அப்பாவைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. வீட்டில் யாரும் இல்லாதபோது தொடர் தானாகப் பதிவாக வேண்டும், இரவில் போட்டுப் பார்க்க வேண்டும். தேவை அவ்வளவுதான்.

சுவரிலிருந்து வரும் கேபிளை ரெக்கார்டரின் 'ஆன்டெனா இன்' துளையில் கொடுத்து, 'ஆன்டெனா அவுட்'டிலிருந்து செட்டாப் பாக்ஸுக்கு இன்னொரு வயர் எடுத்தேன். செட்டாப் பாக்ஸ் வழக்கம்போல் வேலை செய்கிறது. ரெக்கார்டரில் சேனல் தேடச் சொன்னால் கடைசிவரை தேடிவிட்டு ஒன்றும் இல்லை என்கிறது. கையால் சேனல் மாற்றினாலும் எல்லாம் புள்ளி புள்ளியாக இரைச்சலோடு வருகிறது.

செட்டாப் பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ ஒன்று, மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி துளைகள், ஒரு யுஎஸ்பி இருக்கின்றன. ரெக்கார்டரில் ஏவி இன் இரண்டு செட், ஏவி அவுட், எச்டிஎம்ஐ அவுட். டிவியில் எச்டிஎம்ஐ இரண்டு. ரெக்கார்டர் பழுதா, நான் இணைத்த விதம் தவறா?

கம்பிக்காரன்

ரெக்கார்டர் பழுது இல்லை. அதற்குள் இருக்கும் டியூனர், அதாவது சேனலைப் பிடிக்கும் பகுதி, பழைய அனலாக் ஒளிபரப்புக்காகச் செய்யப்பட்டது. இப்போது உங்கள் கேபிளில் வருவது டிஜிட்டல் சிக்னல், அதுவும் பூட்டுப் போட்டு வருகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் அனுமதி செட்டாப் பாக்ஸுக்கும் அதிலுள்ள கார்டுக்கும் மட்டும்தான். சுவரிலிருந்து வரும் வயரை நேராக ரெக்கார்டரில் கொடுத்தால் அது இரைச்சலைத் தவிர வேறு எதையும் பார்க்காது. எத்தனை முறை தேடினாலும் இதே பதில்தான்.

ஆகவே ஒரு விஷயத்தை முதலில் மனதில் வையுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்தே வரும். இனிமேல் உங்கள் ரெக்கார்டருக்குச் சேனல் என்று ஒன்று கிடையாது. சேனல் மாற்றுவது செட்டாப் பாக்ஸ். அது அந்த நொடியில் எதைக் காட்டுகிறதோ அதை அப்படியே பதிவு செய்வது மட்டும்தான் ரெக்கார்டரின் வேலை. பாக்ஸ் தவறான சேனலில் இருந்தால் தவறான சேனல் பதிவாகும். தூங்கிவிட்டால் கறுப்புத் திரை பதிவாகும்.

இணைப்பு இப்படி இருக்கட்டும். சுவர் வயர் நேராகச் செட்டாப் பாக்ஸுக்கு. ரெக்கார்டர் வழியாக அதை வளைத்துக் கொண்டுபோக வேண்டாம், வீணாக ஒரு இணைப்பு கூடுகிறது. செட்டாப் பாக்ஸின் ஏவி அவுட்டிலிருந்து மூன்று நிற வயர் ரெக்கார்டரின் ஏவி இன் 1-க்கு. மஞ்சள் படம், வெள்ளை இடது ஒலி, சிவப்பு வலது ஒலி. ரெக்கார்டரின் எச்டிஎம்ஐ டிவியின் இரண்டாவது எச்டிஎம்ஐ-க்கு. செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ இப்போது இருப்பது போலவே டிவியின் முதலாவதில் இருக்கட்டும். நேரலையாகப் பார்க்கும்போது முதலாவது, பதிவைப் பார்க்கும்போது இரண்டாவது.

ரெக்கார்டரின் ரிமோட்டில் 'இன்புட்' அல்லது 'லைன்' என்ற பொத்தானை அழுத்தி 'எல்1' என்று வரும்வரை மாற்றுங்கள். படம் வந்துவிடும்.

மாலைநேரம்

மிக்க நன்றி. படம் வந்துவிட்டது. இரண்டு சந்தேகங்கள். ஒன்று, எச்டிஎம்ஐ-யில் பார்த்த தெளிவு இதில் இல்லை, எழுத்துகளின் ஓரம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது. இரண்டு, முகங்கள் எல்லாம் ஒல்லியாக நீண்டு தெரிகின்றன.

கம்பிக்காரன்

தெளிவு குறைவது இந்த வழியின் இயல்பு. மஞ்சள் வயரில் போவது சாதாரணத் தரப் படம். நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து போவதால்தான் எழுத்துகளின் ஓரம் கசிவது போலத் தெரிகிறது. செட்டாப் பாக்ஸில் எஸ்-வீடியோ துளை இருந்திருந்தால் அதைப் போடச் சொல்லியிருப்பேன், அதில் இரண்டும் தனித்தனியாகப் போகும். உங்கள் பாக்ஸில் இல்லை. பரவாயில்லை, தொடர் பார்க்க இது தாராளம்.

முகம் நீள்வதற்குத் தீர்வு உண்டு. செட்டாப் பாக்ஸ் அகலப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது, ரெக்கார்டர் அதைப் பழைய 4:3 படம் என்று நினைத்துக்கொள்கிறது. செட்டாப் பாக்ஸ் அமைப்பில் டிவி வகை 16:9 என்றே இருக்கட்டும். ரெக்கார்டரின் அமைப்பில் லைன் உள்ளீட்டின் அளவு என்று ஒன்று இருக்கும், அதையும் 16:9 ஆக்குங்கள். அப்படி ஒன்று உங்கள் மாடலில் இல்லையென்றால், பதிவைப் பார்க்கும்போது டிவி ரிமோட்டில் படத்தை அகலமாக்கினால் போதும். செட்டாப் பாக்ஸை 4:3-க்கு மாற்றி இதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அப்புறம் நான்கு பக்கமும் கறுப்புப் பட்டையோடு நடுவில் சின்னப் படமாகப் பதிவாகும். அதைப் பின்னால் பெரிதாக்கினால் இருக்கிற தெளிவும் போகும்.

இன்னொன்று, வேறு யாருக்காவது உதவும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ, மேலும் கீழும் உருண்டாலோ, செட்டாப் பாக்ஸ் பால் (PAL) முறையில் அனுப்ப, ரெக்கார்டர் என்டிஎஸ்சி (NTSC) முறையை எதிர்பார்க்கிறது என்று அர்த்தம், இவை இரண்டும் வண்ணப் படத்தை அனுப்பும் இருவேறு முறைகள். அல்லது நேர்மாறாக. இரண்டையும் ஒரே முறைக்குக் கொண்டுவர வேண்டும்.

தூரப்பார்வை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். செட்டாப் பாக்ஸிலேயே யுஎஸ்பி இருக்கும்போது இவ்வளவு சுற்றுவழி எதற்கு? ஒரு ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் பாக்ஸே பதிவு செய்துவிடும். நிகழ்ச்சிப் பட்டியலில் தொடரைத் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தான் அழுத்தினால் போதும். சேனலும் அதுவே மாற்றும், நேரமும் அதுவே பார்த்துக்கொள்ளும். தரமும் ஒளிபரப்பில் வந்தது வந்தபடி இருக்கும், ஏனென்றால் அது படத்தைத் திரும்பச் சுருக்குவதில்லை. வருகிற டிஜிட்டல் தரவை அப்படியே டிஸ்க்கில் எழுதுகிறது. டிஜிட்டலை அனலாக் ஆக்கி, அனலாக்கைத் திரும்ப டிஜிட்டல் ஆக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கம்பிக்காரன்

தூரப்பார்வை சொல்வது சரி, பாக்ஸ் அனுமதித்தால். எல்லா யுஎஸ்பி துளையும் பதிவு செய்வதற்கானது இல்லை. சிலவற்றில் அது பென் டிரைவில் உள்ள படம், பாட்டு போட மட்டும்தான். சிலவற்றில் மென்பொருளைப் புதுப்பிக்க மட்டும். சிலவற்றில் வசதி இருந்தும் கேபிள் நிறுவனம் திறந்துவிட்டால்தான் வேலை செய்யும். மாலைநேரம், உங்கள் ரிமோட்டில் சிவப்புப் புள்ளி போட்ட பதிவுப் பொத்தான் இருக்கிறதா? அழுத்தினால் என்ன சொல்கிறது?

மாலைநேரம்

பொத்தான் இருக்கிறது. பென் டிரைவைச் செருகி அழுத்தினால் 'இந்தச் சேவை உங்கள் கணக்கில் இல்லை' என்று வருகிறது. கேட்டுப் பார்த்ததில், மாதாமாதம் தனிக் கட்டணம் என்றார்கள். ஒரே ஒரு தொடருக்காக அது வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். ஆகவே இருக்கிற ரெக்கார்டரையே நம்பியிருக்கிறேன்.

தூரப்பார்வை

அப்படியென்றால் ரெக்கார்டர்தான் சரி, என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக யுஎஸ்பி பதிவில் உள்ள சில முக்கியமான விஷயங்களை மட்டும் எழுதிவிடுகிறேன். டிஸ்க்கைச் செருகிய பிறகு தெரிந்தால் மனவருத்தம்தான்.

முதலாவது, பல பாக்ஸ்கள் டிஸ்க்கைத் தன் முறைப்படி அழித்து அமைத்துக்கொள்ளும். அதில் உங்கள் புகைப்படங்கள் இருந்தால் போய்விடும். வெறும் டிஸ்க்கை மட்டுமே கொடுங்கள்.

இரண்டாவது, பதிவுகள் பெரும்பாலும் அந்த ஒரு பாக்ஸுக்கே பூட்டப்பட்டிருக்கும். கணினியில் செருகினால் திறக்காது. பக்கத்து அறையில் இருக்கும் அதே மாடல் பாக்ஸில் செருகினாலும் திறக்காது.

மூன்றாவது, ஒரு சேனலைப் பதிவு செய்துகொண்டே வேறொன்றைப் பார்க்க வேண்டுமென்றால் பாக்ஸுக்குள் இரண்டு டியூனர் இருக்க வேண்டும். ஒரே டியூனர் உள்ள பாக்ஸில் அதே அலைவரிசையில் (ஃப்ரீக்வென்சியில்) சேர்ந்து வரும் சேனல்களை மட்டும் சில மாடல்கள் பார்க்க விடும். டிஜிட்டல் கேபிளில் ஒரு அலைவரிசைக்குள் பல சேனல்கள் ஒன்றாகக் கட்டப்பட்டு வருகின்றன, அதனால்தான் இது முடிகிறது. ஆனால் எந்தெந்தச் சேனல் ஒன்றாக வருகிறது என்பது நம் கையில் இல்லை.

நான்காவது மின்சாரம். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் தருவதற்காக வகுக்கப்பட்டது. சின்ன ஹார்டு டிஸ்க்கும் சுழலத் தொடங்கும் கணத்தில் அதைவிட அதிகம் கேட்கும். டிஸ்க் டிக் டிக் என்று சத்தமிட்டு நின்று நின்று வந்தால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். தனி அடாப்டர் உள்ள டிஸ்க்கைப் போடுங்கள்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று கணக்கிட எளிய வழி: சேனலின் வேகத்தை, அதாவது நொடிக்கு எத்தனை மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்பதை, 0.45-ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வரும். 8 எம்பிபிஎஸ்-இல் வரும் எச்டி சேனல் மணிக்கு 3.6 ஜிபி. ஒரு டெராபைட்டில் சுமார் 270 மணி நேரம். பென் டிரைவில் இதைச் செய்யாதீர்கள். நேரலையை நிறுத்தி வைக்கும் வசதி இயங்கும்போது பாக்ஸ் ஓயாமல் எழுதிக்கொண்டே இருக்கும், சாதாரண பென் டிரைவ் அதைத் தாங்கும்படி செய்யப்பட்டது இல்லை.

பழையடெக்

மாலைநேரம், இணைப்பு முடிந்துவிட்டது, இனிமேல்தான் முக்கியமான பகுதி. வீடியோ டெக் காலத்திலிருந்து டைமர் வைத்துப் பழகியவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்களுக்கு இரண்டு டைமர் வேண்டும். ரெக்கார்டரில் ஒன்று, செட்டாப் பாக்ஸில் ஒன்று. ரெக்கார்டரின் டைமரில் சேனல் என்ற இடத்தில் எண் எதையும் போடாமல் எல்1 என்று வையுங்கள். தினமும், அல்லது திங்கள் முதல் வெள்ளி வரை என்று திரும்பத் திரும்ப நடக்கும்படி வைக்கலாம். செட்டாப் பாக்ஸில் நிகழ்ச்சிப் பட்டியலுக்குப் போய் அதே தொடருக்கு நினைவூட்டல் வைக்க வேண்டும். சில பாக்ஸ்கள் நேரம் வந்ததும் தானாகச் சேனல் மாறும். சில, 'மாறட்டுமா' என்று திரையில் கேட்டுவிட்டு ஓகே அழுத்தக் காத்திருக்கும். உங்களுடையது எந்த வகை என்று நீங்கள் வீட்டில் இருக்கும்போது ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கேட்கிற வகை என்றால் நினைவூட்டலை நம்பக் கூடாது. கிளம்பும் முன் பாக்ஸை அந்தச் சேனலில் விட்டுவிட்டுப் போவதுதான் உறுதியான வழி.

அடுத்தது கடிகாரம். செட்டாப் பாக்ஸ் சிக்னலிலிருந்தே நேரத்தை எடுத்துக்கொள்ளும், அது சரியாக இருக்கும். பழைய ரெக்கார்டர்கள் நேரத்தை அனலாக் சேனலிலிருந்து எடுத்தன. அந்தச் சேனல் இப்போது இல்லை. ஆகவே 'தானாக நேரம் அமை' என்பதை நிறுத்திவிட்டு, கையால் வையுங்கள். செட்டாப் பாக்ஸின் நேரத்தைப் பார்த்து வைப்பது நல்லது. மாதத்துக்கு ஒருமுறை இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், மெல்ல நகரும்.

டைமரை இரண்டு நிமிடம் முன்னால் தொடங்கி, முடியும் நேரத்துக்குப் பின் ஐந்து நிமிடம் சேர்த்து வையுங்கள். கடைசிக் காட்சி போனால் முழுப் பதிவும் வீண். ஆனால் அடுத்தடுத்து இரண்டு நிகழ்ச்சி பதிவு செய்யும்போது இந்தக் கூடுதல் நிமிடங்கள் ஒன்றோடொன்று மோதும். அப்போது இரண்டும் ஒரே சேனலாக இருந்தால் ஒரே நீண்ட டைமராக வைத்துவிடுங்கள்.

பதிவுத் தரம் எஸ்பி வையுங்கள். ஒரு டிவிடி-யில் 2 மணி நேரம் பிடிக்கும் அளவு அது. 160 ஜிபி டிஸ்க்கில் சுமார் 70 மணி நேரம் வரும். அரை மணி நேரத் தொடருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? எல்பி-யில் 4 மணி நேரம் பிடிக்கும் என்று ஆசைப்பட வேண்டாம். பல மாடல்களில் அங்கே படத்தின் கிடைமட்டத் துல்லியமே பாதியாகிவிடும்.

இரவுப்பணி

நல்ல இழை. என் பிரச்சினையும் கிட்டத்தட்ட இதேதான். என் ரெக்கார்டருடன் நுனியில் சின்ன பல்பு போன்ற ஒன்று வைத்த மெல்லிய வயர் வந்தது. அதைச் செட்டாப் பாக்ஸின் முன்னால் ஒட்டினால் ரெக்கார்டரே சேனல் மாற்றும் என்று கையேட்டில் இருக்கிறது. ஒட்டினேன். ஆனால் 124-க்குப் போகச் சொன்னால் சில நாள் 12-க்குப் போகிறது, சில நாள் 14-க்கு, சில நாள் சரியாகப் போகிறது. என்ன செய்வது?

பழையடெக்

அதுதான் ஐஆர் எமிட்டர், ரிமோட் போலவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்புவது. 1999-இல் டீவோ, ரீப்ளே டிவி என்று முதல் தலைமுறை டிஜிட்டல் ரெக்கார்டர்கள் வந்தபோதே கேபிள் பாக்ஸை ஆள இந்த முறைதான் இருந்தது. ரிமோட்டுக்குப் பதிலாக ரெக்கார்டர் பொத்தான் அழுத்துகிறது. அந்தப் பக்கம் பாக்ஸ் கேட்டதா இல்லையா என்று ரெக்கார்டருக்குத் தெரியாது, பதில் வரும் வழி இல்லை. அதனால் இதை ஒருமுறை பொறுமையாகச் சரிப்படுத்த வேண்டும். சரிப்பட்டுவிட்டால் நினைவூட்டலை விட இது மேல்.

உங்களுக்கு ஒரு எண் தொலைகிறது. இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, வேகம். ரெக்கார்டர் 1, 2, 4 என்று மிக வேகமாக அனுப்புகிறது, பாக்ஸ் அதைப் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. அமைப்பில் சேனல் மாற்றும் வேகம் என்று இருக்கும், அதை மெதுவாக வையுங்கள். மூன்று இலக்கம் என்றும், கடைசியில் ஓகே அனுப்பு என்றும் தேர்ந்தெடுக்க இடமிருந்தால் அதையும் செய்யுங்கள். ஓகே இல்லாவிட்டால் பாக்ஸ் அடுத்த இலக்கத்துக்காகக் காத்திருக்கும்.

இரண்டு, ஒட்டிய இடம். பாக்ஸின் முகப்புக் கறுப்புக் கண்ணாடியில் எங்காவது ஒட்டினால் போதாது. டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், பட்டாணி அளவில் ஒரு கறுப்புக் குமிழ் தெரியும். அதற்கு நேர் எதிரே நுனி இருக்க வேண்டும். எமிட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, கைபேசியின் முன்பக்கக் கேமராவை அதன்மேல் காட்டிச் சேனல் மாற்றச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி திரையில் வெளிர் ஊதாவாக மினுக்கும். முன்பக்கம் என்று சொல்வதற்குக் காரணம், பின்பக்கக் கேமராக்களில் அந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி பெரும்பாலும் வலுவாக இருக்கும்.

இரவுப்பணி

மெதுவாக வைத்து ஓகே-யையும் சேர்த்த பிறகு ஒவ்வொரு முறையும் 124-க்கே போகிறது. குமிழ் நான் ஒட்டிய இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருந்தது. மிக்க நன்றி ஐயா.

மாலைநேரம்

என் ரெக்கார்டரில் அந்த எமிட்டர் துளை இல்லை. பாக்ஸ் நினைவூட்டல் தானாகவே மாறுகிறது, சோதித்துவிட்டேன். டைமர் எல்லாம் பழையடெக் ஐயா சொன்னபடி வைத்து, முதல் பதிவு நன்றாக வந்தது. அம்மாவுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. இரண்டு குறை மட்டும். ஒலி மிக மெதுவாகக் கேட்கிறது, டிவியில் சத்தத்தை முக்கால் பங்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. அப்புறம், தொடக்கத்தில் சேனல் பெயர்ப் பட்டை திரையின் கீழ்ப் பாதியை மறைத்தபடி பதிவாகியிருக்கிறது.

கம்பிக்காரன்

செட்டாப் பாக்ஸின் ஒலி அளவு ஏவி அவுட்டையும் குறைக்கிறது. வீட்டில் யாரோ பாக்ஸ் ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள். பாக்ஸை எப்போதும் முழு அளவில் வைத்து, கூட்டுவது குறைப்பது எல்லாம் டிவி ரிமோட்டில் செய்யச் சொல்லுங்கள். உச்சத்தில் ஒலி கரகரத்தால் ஒரு படி இறக்கலாம். சில பாக்ஸ்களில் ஒலி வெளியீட்டை 'நிலையானது' என்று வைக்க முடியும், இருந்தால் அதுவே சிறந்தது. இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். பாக்ஸ் ரிமோட்டில் மியூட் அழுத்திவிட்டுப் போனால் முழுத் தொடரும் ஊமையாகப் பதிவாகும். பதிவானதைப் பின்னால் மீட்கவே முடியாது.

பட்டை எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்று பாக்ஸ் அமைப்பில் இருக்கும், மிகக் குறைந்த நொடிக்கு மாற்றுங்கள். டைமர் இரண்டு நிமிடம் முன்னாலேயே தொடங்குவதால் நினைவூட்டலையும் சற்று முன்னால் மாறும்படி வைக்க முடிந்தால், தொடர் தொடங்கும்போது பட்டை மறைந்திருக்கும்.

மாலைநேரம்

ஒலி சரியாகிவிட்டது. ஆனால் இன்று புதிதாக ஒரு பிரச்சினை. சில நாள் நன்றாகப் பதிவாகிக்கொண்டிருந்தது. நேற்றும் இன்றும் முழுக்கக் கறுப்புத் திரை. பதிவு நேரம் சரியாக இருக்கிறது, கோப்பும் இருக்கிறது, உள்ளே படமும் இல்லை ஒலியும் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் செட்டாப் பாக்ஸில் சிவப்பு விளக்கு, அதாவது ஸ்டாண்ட்பையில் இருக்கிறது. யாரும் அதை அணைக்கவில்லை என்கிறார்கள். அம்மா டிவியை மட்டும்தான் அணைத்துவிட்டுக் கிளம்பினாராம்.

தூரப்பார்வை

பாக்ஸ் தானாக ஸ்டாண்ட்பைக்குப் போகும் மின்சேமிப்பு அமைப்பு இருக்கும். சில மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் தூங்கிவிடும். அதை நிறுத்திப் பாருங்கள். இதனால் பதிவு போனவர்கள் நிறையப் பேர்.

மாலைநேரம்

பார்த்தேன். அது ஏற்கெனவே நிறுத்தப்பட்டுத்தான் இருக்கிறது. முதல் நாளே நிறுத்தினேன்.

கம்பிக்காரன்

'டிவியை மட்டும்தான் அணைத்தார்' என்று நீங்கள் எழுதியதில்தான் விடை இருக்கிறது. எச்டிஎம்ஐ வயரில் படம், ஒலி தவிர ஒரு கட்டளைக் கம்பியும் இருக்கிறது, அதன் பெயர் சிஇசி. ஒரு ரிமோட்டில் எல்லாக் கருவிகளையும் ஆள அது வந்தது. டிவியை அணைத்ததும் அது 'நான் தூங்கப் போகிறேன்' என்று எச்டிஎம்ஐ-யில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் சொல்கிறது. உங்கள் செட்டாப் பாக்ஸ் அதைக் கேட்டு அதுவும் தூங்கிவிடுகிறது. நன்றாகப் பதிவான நாள்களில் டிவி எப்படி இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள். டிவியை அணைக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது சுவிட்சிலேயே அணைத்திருப்பார்கள்.

டிவி அமைப்பில் எச்டிஎம்ஐ கட்டுப்பாடு என்று தேடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு சொந்தப் பெயர் வைத்திருக்கும், ஆகவே சிஇசி என்ற பெயரிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 'டிவி அணையும்போது மற்ற கருவிகளும் அணையட்டும்' என்பதை மட்டும் நிறுத்த முடிந்தால் போதும். முடியாவிட்டால் முழுவதையும் நிறுத்துங்கள். செட்டாப் பாக்ஸ் அமைப்பில் இருந்தால் அங்கேயும் நிறுத்துங்கள்.

மாலைநேரம்

அண்ணா, அதேதான். பதிவான நாள்களில் அப்பாவின் அண்ணன் வீட்டில் இருந்தார், டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஊருக்குப் போன பிறகுதான் அம்மா டிவியை அணைத்துவிட்டுக் கிளம்பத் தொடங்கினார். டிவியில் அந்த அமைப்பை நிறுத்திவிட்டு, டிவியை அணைத்துப் பார்த்தேன். பாக்ஸில் பச்சை விளக்கு அப்படியே எரிகிறது, ரெக்கார்டரும் பதிவு செய்கிறது.

நள்ளிரவு

நானும் ஒன்று கேட்கலாமா? எனக்கு எச்டி தரத்திலேயே பதிவு வேண்டும். எச்டிஎம்ஐ கேப்சர் கருவி ஒன்று வாங்கி, செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ-யைக் கணினிக்குக் கொண்டுபோனேன். பாக்ஸின் மெனு சில நொடி தெரிகிறது, சேனல் வந்ததும் கறுப்பாகிவிடுகிறது. கருவி பழுதா?

தூரப்பார்வை

பழுது இல்லை, அது எச்டிசிபி. இன்டெல் உருவாக்கிய பாதுகாப்பு முறை. பாக்ஸ் படம் அனுப்பும் முன் மறுமுனையில் இருப்பது அனுமதி பெற்ற திரையா என்று கேட்கிறது. டிவி சரியான பதில் சொல்கிறது. பதிவுக் கருவிக்கு அந்தப் பதில் சொல்ல அனுமதி கிடையாது. வீட்டு ரெக்கார்டர்களில் எச்டிஎம்ஐ வெளியே மட்டும் இருப்பதற்கும், உள்ளே வரும் துளை இல்லாததற்கும் இதுவே முக்கியக் காரணம்.

நள்ளிரவு

அந்தப் பாதுகாப்பை நீக்கும் ஸ்பிளிட்டர் இருக்கிறது என்கிறார்களே? வீட்டில் பார்ப்பதற்குப் பதிவு செய்வது சட்டப்படி சரிதானே?

தூரப்பார்வை

இரண்டும் வெவ்வேறு கேள்விகள். பின்னால் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல், சோனியின் பீட்டாமேக்ஸ் வழக்கில், 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதே நாட்டில் 1998-இல் வந்த டிஎம்சிஏ சட்டம், பாதுகாப்புப் பூட்டை உடைப்பதைத் தனிக் குற்றமாக்கியது. நாட்டுக்கு நாடு இது மாறும். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்க்காமல் அந்த ஸ்பிளிட்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். இங்கே யாரும் பரிந்துரைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

எச்டி-யிலேயே வேண்டும் என்றால் நேர்வழி, பதிவு வசதியுள்ள பாக்ஸைக் கேபிள் நிறுவனத்திடமே கேட்டு வாங்குவது. பூட்டு இல்லாமல் வரும் சேனல்கள் மட்டும் போதும் என்றால், டிஜிட்டல் கேபிள் சிக்னலைப் பிடிக்கும் டிவிபி-சி டியூனர் ஒன்றைக் கணினியில் போட்டு டிவிஹெட்எண்ட், மித்டிவி போன்ற மென்பொருளில் பதிவு செய்யலாம். கேபிளில் அப்படிப்பட்ட சேனல்கள் எத்தனை வருகின்றன என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் ஏறக்குறைய எல்லாமே பூட்டித்தான் வருகின்றன.

கம்பிக்காரன்

டியூனர் போட வயரைப் பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொரு கிளையிலும் ஏறக்குறைய 3.5 டெசிபல் சிக்னலைக் குறைக்கும். ஏற்கெனவே எல்லையில் இருக்கும் சிக்னல் என்றால் படம் கட்டம் கட்டமாக உடையும். பிரித்த பிறகு செட்டாப் பாக்ஸில் சிக்னல் அளவைப் பாருங்கள். சிக்னல் குறைவாக இருந்தால் முதலில் வயர் நுனிகளைப் புதிதாக வெட்டிக் கனெக்டர் போடுங்கள். பூஸ்டர் வாங்குவது கடைசி வழி, அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும்.

மாலைநேரத்துக்கும் ஒன்று. செட்டாப் பாக்ஸை ரெக்கார்டரின் மேல் அடுக்கி வைத்திருந்தால் இறக்கிப் பக்கத்தில் வையுங்கள். இனிமேல் பாக்ஸ் நாள் முழுக்க விழித்திருக்கும், அதன் சூடு கீழே இருக்கும் ஹார்டு டிஸ்க்குக்குப் போகக் கூடாது.

மாலைநேரம்

அடுக்கித்தான் வைத்திருந்தேன், இறக்கிவிட்டேன். அம்மா தொடரை இரவு உணவுக்குப் பின் பார்க்கிறார், விளம்பரத்தைத் தாண்டிப் போகவும் பழகிவிட்டார். எல்லோருக்கும் நன்றி. மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

பழையடெக்

நீங்களே ஒருமுறை சோதியுங்கள். பதிவு எதுவும் ஓடாதபோது இரண்டையும் சுவிட்சில் அணைத்து, சில நிமிடம் கழித்துப் போடுங்கள். பாக்ஸ் தானாக எழுந்து பழைய சேனலுக்கு வருகிறதா, சிவப்பு விளக்கோடு நிற்கிறதா என்று பாருங்கள். ரெக்கார்டரின் கடிகாரம் பூஜ்யத்தில் மினுக்கினால் டைமர் எதுவும் நடக்காது, நேரத்தைத் திரும்ப வைத்தால்தான் உண்டு. பதிவு ஓடும்போது மின்சாரம் போனால் அந்த ஒரு பதிவு பெரும்பாலும் கிடைக்காது. மின்தடை அடிக்கடி வரும் இடமென்றால் இரண்டையும் ஒரு சின்ன யுபிஎஸ்-இல் போடுங்கள். இரண்டும் சேர்ந்தாலும் குறைந்த மின்சாரம்தான் எடுக்கும்.

எட்டாம்தளம்

தாமதமாக வருகிறேன். என் பாக்ஸில் யுஎஸ்பி பதிவு இருக்கிறது, டிஸ்க்கில் என் மகளின் பள்ளி நிகழ்ச்சி உள்ளூர் சேனலில் வந்ததைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். இப்போது பாக்ஸை மாற்றப் போகிறார்கள், அடுத்த வாரம் புதியது வருகிறது. தூரப்பார்வை மேலே எழுதியதைப் படித்தபின் பயமாக இருக்கிறது. டிஸ்க்கைப் புதிய பாக்ஸில் போட்டால் திறக்காதா?

தூரப்பார்வை

திறக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பூட்டின் சாவி பழைய பாக்ஸுக்குள் இருக்கிறது, அது கையை விட்டுப் போனால் பதிவும் போனது போலத்தான். புதிய பாக்ஸ் டிஸ்க்கைக் கண்டதும் அழித்து அமைக்கவா என்று கேட்கும், தவறிப்போய் ஓகே அழுத்திவிடாதீர்கள்.

பழைய பாக்ஸ் கையில் இருக்கும்போதே அந்த நிகழ்ச்சியை அதில் ஓடவிட்டு, ஏவி அவுட்டிலிருந்து ஒரு ரெக்கார்டரில் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்த இழையின் தொடக்கத்தில் கம்பிக்காரன் சொன்ன அதே இணைப்புதான். நிகழ்ச்சி எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஆகும். தெளிவு குறையும், ஆனால் உங்களிடம் இருக்கும். தெரிந்தவர்களிடம் ரெக்கார்டர் இருந்தால் இரவல் கேளுங்கள். இல்லையென்றால் ஏவி வயரை ஏற்கும் எளிய யுஎஸ்பி கேப்சர் கருவியும் கணினியும் போதும். பாக்ஸின் ஒலியை முழு அளவில் வைத்துவிட்டு, முதலில் இரண்டு நிமிடம் மட்டும் பதிவு செய்து போட்டுப் பாருங்கள். படம் மங்கி மங்கித் தெளிந்தால் அந்தச் சேனல் ஏவி-யிலும் நகல் தடுப்பு வைத்திருக்கிறது என்று அர்த்தம், உள்ளூர் சேனலில் அது இருக்க வாய்ப்புக் குறைவு.

எட்டாம்தளம்

தம்பியிடம் ரெக்கார்டர் இருக்கிறது, இன்றே வாங்கி வருகிறேன். பாக்ஸ் மாற்றுவதை இன்னும் சில நாள் தள்ளிப்போடச் சொல்லியும் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள்.